தலை எண்ணச் சொன்ன பேராசிரியர்

1963-ஆம் ஆண்டில் சீன நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 2 கோடியே 95 இலட்சம். அறுபது ஆண்டுகள் உருண்டோடின. 2023-ஆம் ஆண்டில் அதே நாட்டில் பிறந்த குழந்தைகள் 90 இலட்சம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

அந்த 2023-லேதான், முன்னே சொன்ன 1963-ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வயது அறுபது. ஆலையை விட்டு, அலுவலகத்தை விட்டு, வீட்டுத் திண்ணைக்கு வருகிற வயது. திண்ணைக்கு வந்தவர் கோடிக்கணக்கில். தொட்டிலுக்கு வந்தவர் இலட்சக்கணக்கில். ஒரு நாட்டின் உடம்பிலே இப்படியொரு மாறுதல் எப்படி வந்தது என்பதை விளக்கப் பொருளாதார ஏடுகள் பல உண்டு. நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லுகிறேன். விளக்கம் பெரும்பகுதி அதற்குள்ளேயே கிடக்கிறது.

அவர் பெயர் மா யின்சூ. சீனத்தார் வழக்கில் குடும்பப் பெயர் முன்னே வரும்; ஆகவே மா என்பதுதான் குடும்பப் பெயர். சீன மொழியில் அதற்குக் குதிரை என்று பொருள். தமிழிலும் மா என்றால் குதிரை என்று பொருளுண்டு, புலவர்கள் அறிவார்கள். தற்செயலான ஒற்றுமைதான், மொழி ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்! ஆனால் அந்த ஓரெழுத்துப் பெயர் பிற்காலத்தில் அவருக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சமல்ல. அதைப் பின்னே காண்போம்.

1882-ஆம் ஆண்டு, சேஜியாங் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர் மா. தந்தை சிறு அளவில் மது வடித்து விற்பவர். மகன் கணக்கிலே கெட்டிக்காரன். ஆகவே கடைக் கணக்கை எழுதட்டும், கல்லாவிலே உட்காரட்டும் என்பது தந்தையின் திட்டம். மகனுக்கோ படிக்க வேண்டும் என்ற வெறி. அடி விழுந்தது, பிள்ளை அசையவில்லை. கடைசியில் தந்தையின் நண்பர் ஒருவர் பையனை ஷாங்காய்க்கு அழைத்துப் போய்ப் பள்ளியிலே சேர்த்தார். அடித்தால் வழிக்கு வருகிற பிறவி அல்ல என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிற்காலத்திலே அவரை அடித்துப் பார்த்தவர்கள் இந்தப் பழங்கதையைப் படித்திருந்தால் வீண் வேலை மிச்சமாகியிருக்கும்.

தியன்சின் நகரில் சுரங்கத் தொழில் படித்தார். பின்னர் அரசாங்கச் செலவில் அமெரிக்கா சென்றார். யேல் பல்கலைக் கழகத்திலும் கொலம்பியா பல்கலைக் கழகத்திலும் பொருளாதாரம் பயின்றார். 1914-இல் டாக்டர் பட்டம். ஆராய்ச்சிப் பொருள், நியூயார்க் மாநகரின் வரவு செலவு! சீனத்துச் சிற்றூர்ப் பிள்ளை நியூயார்க்கின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்துப் பட்டம் வாங்கினார். நாடு திரும்பிப் பீகிங் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். வங்கி, நாணயம், வரி, இவைதாம் அவர் பாடம். சியாங் கே ஷேக் ஆட்சியில் சட்டம் இயற்றும் அவையிலும் உறுப்பினராக இருந்தார். அதுவரை அவர் வாழ்க்கை, படித்தவர் பலருடைய வாழ்க்கையைப் போன்றதுதான். உயர்ந்த பதவி, நல்ல சம்பளம், பழைய வழக்கப்படி இரண்டு மனைவியர்.

ஜப்பானியர் படையெடுத்தனர். தலைநகர் சுங்கிங் மலை நகருக்கு மாறியது. அங்கே மா கண்டது என்ன? எல்லையிலே சிப்பாய் சாகிறான். நகரத்திலே அரிசி விலை ஏறுகிறது. மேலிடத்துக் குடும்பங்கள் சிலவற்றின் பெட்டி நிறைகிறது. சியாங், சூங், குங், சென் என்று நான்கு குடும்பங்களைச் சீனத்தார் அந்நாளில் விரல் விட்டு எண்ணுவர். சூங் சியாங்குக்கு மைத்துனர். குங் சூங்குக்கு மைத்துனர். உறவுமுறை சொல்லி முடிவதற்குள் கருவூலம் காலி! போரினால் கொழுத்தவன் சொத்தின்மீது வரி போடு, அந்தப் பணத்தில் போரை நடத்து என்று மா மேடை மேடையாகப் பேசினார். அமைச்சர் பதவி காட்டிப் பார்த்தார்கள், அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம் என்றும் ஆசை காட்டினார்கள் என்பர். எதுவும் பலிக்கவில்லை. 1940 டிசம்பரில் கைது செய்தார்கள். சிபெங் முகாம், பிறகு ஷாங்ராவ் முகாம், பிறகு வீட்டுக் காவல். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் போயின.

1941-இல், சீனக் கணக்குப்படி அவருக்கு அறுபது நிறைந்தது. சுங்கிங் பல்கலைக் கழக மாணவர்கள், பிறந்தநாள் நாயகர் இல்லாமலே அவருக்கு விழா எடுத்தார்கள்! ஆசிரியர் சிறையில், வாழ்த்து மண்டபத்தில். சூ என்லாய் வாழ்த்துப்பா அனுப்பினார். மாணவர்கள் காசு சேர்த்து அவர் பெயரால் ஒரு சிறு மண்டபமும் கட்டினார்கள்.

ஆகவே 1949-இல் புதிய ஆட்சி மலர்ந்தபோது, கட்சி உறுப்பினர் அல்லாத இந்தக் கிழவருக்கு மதிப்பான இடம் கிடைத்ததில் வியப்பில்லை. 1951-இல் பீகிங் பல்கலைக் கழகத்தின் தலைவரானார். வயது 69. நாள்தோறும் சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறிக் குளிப்பார், மலை ஏறுவார். இளைஞர்கள் மூச்சு வாங்குவார்கள், அவர் வாங்கமாட்டார்.

இதோ, கதையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம்.

1953-இல் சீன அரசு தலை எண்ணியது. அதற்கு முன்னே நாட்டு மக்கள் எத்தனை பேர் என்று எவருக்கும் திட்டமாகத் தெரியாது. 40 கோடி, 45 கோடி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால், தைவானையும் கடல் கடந்த சீனரையும் சேர்த்து 60 கோடியே 19 இலட்சம்! ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 20 பேர் கூடுகிறார்கள் என்றது கணக்கு. மற்றவர்கள் எண்ணைக் கேட்டு மகிழ்ந்தார்கள். வங்கிக் கணக்குப் பார்த்தே வளர்ந்த மா மட்டும் வட்டியைப் பார்த்தார். இந்த 20 உண்மைதானா? ஊர்களுக்குப் போவோம், கேட்போம் என்று கிளம்பினார். சேஜியாங் கிராமங்களில் சுற்றினார். போன இடமெல்லாம் பிள்ளைகள்! ஆயிரத்துக்கு 20 அல்ல, அதற்கு மேலே என்று முடிவு கட்டினார்.

ஏன் கூடுகிறது? அவர் சொன்ன காரணங்களைப் பாருங்கள், தோழர்களே. போர் ஓய்ந்தது, ஆண்கள் வீடு திரும்பினர். பேறுகாலத்தில் பெண்களுக்கு உதவி கிடைத்தது. பிறந்த பிள்ளை பிழைத்தது. முதியவர்களுக்கும் ஆயுள் கூடியது. மடத்தில் இருந்த துறவியரும் துறவுப் பெண்டிரும்கூடப் பலர் இல்லறம் புகுந்துவிட்டனர். விலைமாதர் விடுதிகள் மூடப்பட்டு அந்தப் பெண்கள் மணமுடித்துக் குடும்பம் நடத்தினர். அத்தனையும் நல்ல செய்திகள்! ஆட்சியின் வெற்றிகள்! அந்த வெற்றிகளே ஒரு சுமையையும் பெற்றெடுத்தன என்பதுதான் அவர் வாதம். தோல்வியைச் சுட்டிக்காட்டினால் கோபம் வரும். வெற்றியின் விலையைச் சுட்டிக்காட்டினாலோ இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது!

1955-இலேயே குறிப்பு எழுதித் தம் மாநிலத்து மக்கள் பிரதிநிதிகளிடம் காட்டினார். வரவேற்பில்லை. இது மால்தஸ் சரக்கு என்றனர் சிலர். சரி, காலம் கனியட்டும் என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். 1957 தொடக்கத்தில் காலம் கனிந்ததுபோலத் தோன்றியது. மேலிடத்துக் கூட்டத்தில் அவர் பேசினார். மாசேதுங்கும் அப்போது பிறப்பைத் திட்டமிட வேண்டும் என்ற கருத்துக்கு இணக்கமாகவே பேசினார். ஜூலை 5-ஆம் நாள், மக்கள் நாளேட்டிலே புதிய மக்கள் தொகைக் கோட்பாடு என்ற அவருடைய கட்டுரை முழுதும் வெளிவந்தது.

அதில் இருந்த கணக்கு ஆலைத் தொழிலாளி ஒவ்வொருவனும் புரிந்துகொள்ளத்தக்கது. நாட்டின் ஓராண்டு வருமானம் ஏறத்தாழ 9,000 கோடி யுவான். அதிலே நூற்றுக்கு 79 பங்கு உண்ண, உடுக்கவே போய்விடுகிறது. மிச்சம் 21 பங்கு. ஆலை கட்டுவது, அணை கட்டுவது, இயந்திரம் வாங்குவது, பள்ளி திறப்பது எல்லாம் இந்த 21-லேதான். ஆண்டுதோறும் 1 கோடியே 30 இலட்சம் புது வாய்கள் வந்தால் அந்த 21 எப்படி வளரும்? ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் பேருக்குத்தான் தொழிற்சாலையிலே இடம். மீதிப் பேர் கலப்பைக்குத்தானே திரும்ப வேண்டும்? நிலமோ கூடவில்லை. ஆளுக்கு 2.8 மூ இருந்தது, இரண்டே ஆண்டில் 2.7 மூ ஆயிற்று. நம் கணக்கிலே சொன்னால் ஆளுக்கு 46 சென்ட், பிறகு 44 சென்ட். ஆள் மலிந்தால் இயந்திரம் வராது. இயந்திரம் வராவிட்டால் தொழிலாளி முதுகெலும்பு முறிய உழைத்துக்கொண்டே இருப்பான். இதுதான் அவர் கண்ட முடிச்சு. நூற்றுக்கு 2 வீதம் பெருகினாலே ஐம்பது ஆண்டில் 160 கோடி. 3 வீதமானால் 260 கோடி என்றும் பெருக்கிக் காட்டினார்.

மருந்து என்ன சொன்னார்? ஆண் 25 வயதிலும் பெண் 23 வயதிலும் மணம் செய்துகொள்ளட்டும். கருத்தடை முறைகள் ஊர் ஊராகப் போகட்டும். இரண்டு குழந்தைகளோடு நிறுத்தினால் பரிசு. மூன்றானால் வரி. நான்கானால் கடுமையான வரி. கருக்கலைப்பு வேண்டாம் என்றார்; அது உருவான உயிரைக் கொல்வது, தாயின் உடலையும் கெடுப்பது என்பது அவர் எண்ணம். பிள்ளைப்பேற்றிலே அரசு தலையிடலாம் என்று அவர் கொண்டது எனக்கு உடன்பாடல்ல. வரி என்பது ஏழைமீதுதான் விழும். பணக்காரன் கட்டிவிட்டுப் பெற்றுக்கொள்வான். பின்னாளில் நடந்ததும் அதுதான். அவருக்கே இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கேட்டது இரண்டு. ஒன்று அல்ல!

மாற்றார் கையில் எடுத்த ஆயுதம் மால்தஸ். அந்த ஆங்கிலப் பாதிரியார் 1798-இல் எழுதிய நூல் உழைப்பாளி வர்க்கத்துக்கு எத்தகைய தீங்கு செய்தது என்பதை நம் தோழர்கள் அறிவார்கள். ஏழை ஏழையாக இருப்பது அவன் பிள்ளை பெறுவதனால். அவனுக்கு உதவி செய்தால் இன்னும் பெறுவான். ஆகவே உதவியை நிறுத்து! முதலாளிக்கும் நிலப்பிரபுவுக்கும் இதைவிட இனிக்கும் வேதம் உண்டா? மார்க்ஸ் அதைக் கிழித்தெறிந்தார். 1949-இலும் அதே பாட்டுத்தான். சீனத்தில் புரட்சி வந்ததற்குக் காரணம் மக்கள் நெருக்கடி என்று அமெரிக்க அமைச்சர் அச்செசன் எழுதினார். கொள்ளையடித்தவன் பெயர் அதில் இல்லை. மாசேதுங் அதற்கு மறுப்பு எழுதி, மக்கள் பலராக இருப்பது நன்மையே, எத்தனை மடங்கு பெருகினாலும் உற்பத்தி வழி காட்டும் என்று முழங்கினார். முழக்கத்துக்கு அன்று நியாயம் இருந்தது. ஏகாதிபத்தியத்துக்கு அளித்த விடை அது. ஆனால் எதிரிக்குச் சொன்ன விடையையே சொந்த வீட்டுக் கணக்கேட்டிலும் எழுதி வைத்தால்? அங்கேதான் கோளாறு பிறந்தது.

மா சொன்னதற்கும் மால்தஸ் சொன்னதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஏழையைப் பட்டினி போட வழி தேடினார் மால்தஸ்; உழைப்பவன் கையில் இயந்திரம் வந்து சேர வழி தேடினார் மா. ஆனால் கூட்டம் கூடிக் கூச்சலிடும்போது தூரத்தை அளப்பவர் யார்? மால்தஸ் பெயரைச் சீனத்தில் எழுதினாலும் முதலெழுத்து மா. மார்க்ஸ் பெயரை எழுதினாலும் முதலெழுத்து மா. நீர் எந்த மாவின் குடும்பம் என்று கேலி பேசினார்கள். மார்க்ஸ் குடும்பத்து மா என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.

1958 மே 4, பீகிங் பல்கலைக் கழகத்தின் அறுபதாம் ஆண்டு விழா. தலைவர் மேடையிலே இருக்கிறார். விருந்தினராக வந்த சென் போடா, மா தம் தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அந்த மேடையிலேயே சொன்னார். வீட்டுக்காரரை அவர் வீட்டு விழாவிலேயே குற்றவாளியாக்கினார்கள்! பிறகு கேட்கவா வேண்டும்? சுவரெல்லாம் தாள்கள். ஏடெல்லாம் கட்டுரைகள். 200-க்கும் மேற்பட்டோர் அவரை எதிர்த்து எழுதினர். அவர்களிலே எத்தனை பேர் கட்டுரையைப் படித்தார்கள், எத்தனை பேர் பக்கத்தில் இருந்தவன் கைதூக்கியதால் தாமும் தூக்கினார்கள் என்பதை யார் கண்டது? தோழர்களே, கூட்டமும் தீர்மானமும் நமக்குப் பழக்கமானவை. கைகளை எண்ணித் தீர்மானம் நிறைவேறும்; ஆனால் ஓர் ஊரில் எத்தனை பிள்ளைகள் என்பது கைதூக்கலால் கூடவோ குறையவோ செய்யாது. போய் எண்ணித்தான் பார்க்க வேண்டும். மா எண்ணினார். எதிர்த்தவர்களிலே எண்ணியவர் ஒருவரையும் காணோம்.

அந்த ஆண்டு பெரும் பாய்ச்சல் ஆண்டு. வாய் ஒன்று என்றால் கை இரண்டு என்பது அப்போதைய பேச்சு. ஆள் கூடினால் விளைச்சல் கூடும் என்றனர். விளைச்சல் வயலில் கூடவில்லை. அறிக்கையிலே மட்டும் கூடியது. 1959, 1960, 1961, இந்த மூன்று ஆண்டுகளில் பஞ்சம் தின்ற உயிர்கள் ஒன்றரைக் கோடி என்பார் உண்டு. நான்கரைக் கோடி என்பாரும் உண்டு. தவறான கணக்கின் விலையை உழவன் உயிராகக் கொடுத்தான்.

நண்பர் சூ என்லாய், ஒப்புக்காகவாவது தவறை ஒப்புக்கொண்டு தப்பித்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு சொல்லிப் பார்த்தார். சிறையிலிருந்த நாளில் வாழ்த்து அனுப்பிய கை அது. மாவுக்கு அந்த நன்றி உண்டு. ஆனாலும் 1959 நவம்பரில் ஓர் ஏட்டிலே பதில் எழுதினார். வயது எண்பதை நெருங்குகிறது, எதிரே நிற்பவர் பலர், நான் ஒருவன், ஆயினும் சாகும்வரை தனியே நின்று போராடுவேன், அறிவால் வெல்லாமல் அதிகாரத்தால் அடக்க வருவோரிடம் பணியமாட்டேன் என்பது அதன் பொருள். நண்பரின் அறிவுரையை ஏற்க முடியாததற்காக வருந்துவதாகவும் அதில் எழுதினார். நட்புக்கும் கணக்குக்கும் இடையே நின்ற அந்தக் கிழவரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! 1960 ஜனவரியில் பதவியை விட்டு விலகும் கடிதம் கொடுத்தார். மார்ச்சில் பதவி போயிற்று. அதன்பின் அவர் பெயரில் ஒரு வரிகூட அச்சேற முடியவில்லை.

பீகிங் சந்து ஒன்றிலிருந்த வீட்டிலே கிழவர் சும்மா இருந்தாரா? உழவைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். ஆண்டுகள் பல உழைத்து எழுதிய கையெழுத்துப் படி, சுமார் 10 இலட்சம் எழுத்துகள் கொண்டது. 1966-இல் கலாசாரப் புரட்சி வெடித்தது. வீடு புகுந்து ஏடுகளைத் தேடும் காலம். வேறு வழியின்றி வீட்டாரே அந்தப் படியை நெருப்பிலிட்டனர். 1972-இல் புற்றுநோய். தொண்ணூறு வயதில் அறுவை மருத்துவம்! சூ என்லாய் முன்னின்று ஒப்புதல் தந்தார். கிழவர் பிழைத்தார், நடைதான் போயிற்று.

இதற்கிடையே வெளியே என்ன நடந்தது தெரியுமா? 1962 முதற்கொண்டே அரசு மெல்ல மெல்லப் பிறப்புக் கட்டுப்பாட்டின் பக்கம் திரும்பியது. 1973-லிருந்து நாடெங்கும் மூன்று சொற்கள்: தாமதம், இடைவெளி, குறைவு. தாமதமாக மணம் செய், பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடு, குறைவாகப் பெறு. மண வயது ஆணுக்கு 25, பெண்ணுக்கு 23. குழந்தை இரண்டு! எங்கேயோ கேட்ட எண்களாக இல்லை? மருந்துச் சீட்டு அப்படியே இருந்தது. வைத்தியர் பெயரை மட்டும் கிழித்துவிட்டார்கள். 1970-இல் ஒரு பெண் சராசரியாகப் பெற்ற பிள்ளைகள் ஏறக்குறைய 6. 1979-இல் 3-க்கும் கீழே. வற்புறுத்தல் அப்போதும் உண்டு; ஆனால் ஒற்றைப் பிள்ளை என்ற ஆணை இல்லாமலே இத்தனை பெரிய இறக்கம் நிகழ்ந்தது என்பதை மறக்கக்கூடாது.

1979-இல் அவர்மீது சாட்டிய பழி நீக்கப்பட்டது. வயது 97. பீகிங் பல்கலைக் கழகம் அவரைச் சிறப்புத் தலைவராக்கி வணங்கியது. ஒருவரைத் தவறாகக் கண்டித்தோம், முப்பது கோடிப் பேர் வீணாகக் கூடினர் என்று ஒரு பேச்சு நாடெங்கும் பரவிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நியாயமான கணக்கல்ல. ஒரு கட்டுரையினாலே ஊரெல்லாம் பிறப்புக் குறைந்துவிடாது. பெண் படிக்க வேண்டும், மருத்துவச்சி வேண்டும், கருத்தடைச் சாதனம் கிராமத்துக்குப் போய்ச்சேர வேண்டும். 1957-இல் அவை எத்தனை ஊர்களில் இருந்தன? பிறந்த பிள்ளையை வீண் என்று சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. உண்மையான இழப்பு வேறு. பத்துப் பதினைந்து ஆண்டுக் காலம் போயிற்று. அந்தக் காலம் போனதனால் அடுத்து வந்தவர்கள் பதறினார்கள். பதறியதனால் அளவு மீறினார்கள்.

1980 செப்டம்பர் 25-ஆம் நாள், கட்சி உறுப்பினர்க்கும் இளைஞர் கழகத்தார்க்கும் ஒரு திறந்த மடல் வந்தது. குடும்பத்துக்கு ஒரே குழந்தை! முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நெருக்கடி தணியும், அப்போது வேறு கொள்கை கொள்ளலாம் என்றும் அந்த மடலில் இருந்தது. அதை நிறைவேற்ற வீடு வீடாகப் போனவர்கள் யார்? நம்மைப் போன்ற ஊர்க் கட்சி ஊழியர்கள்தாம். 1983 ஓராண்டில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அழுதவர்கள், ஓடி ஒளிந்தவர்கள், அபராதம் கட்ட மாடு விற்றவர்கள் கதை தனி. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பழைய நோய் புதிய சட்டத்தோடு கைகோத்தது. 2004 வாக்கில் 100 பெண் குழந்தைகளுக்கு 121 ஆண் குழந்தைகள் பிறந்தன. பிறக்காமலே போன பெண்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. இந்த ஆணையை மாவின் தலையில் கட்டுவோர் உண்டு. அவர் சொன்னது இரண்டு. கருக்கலைப்பை வெறுத்தவர் அவர். 98 வயதில் நாற்காலியிலே இருந்தவரை யார் கேட்டுச் சட்டம் செய்தார்கள்?

1982 மே 10-ஆம் நாள் மா யின்சூ மறைந்தார். நூறு வயது நிறைய ஒன்றரை மாதமே குறை. ஜூலை 1-ஆம் நாள் நாடெங்கும் மறுபடியும் தலை எண்ணினார்கள். 100 கோடியே 81 இலட்சம்! அந்த எண்ணைக் காண அவர் இல்லை.

மக்கள் தொகை என்றால் எத்தனை பேர் என்ற ஒரே கேள்விதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எந்த வயதில் எத்தனை பேர் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஓராண்டில் பிறந்த பிள்ளைகள் அந்த ஆண்டோடு முடிந்துபோவதில்லை. ஆறு வயதில் பள்ளி கேட்பார்கள். இருபதில் வேலை கேட்பார்கள். இருபத்தைந்தில் பிள்ளை பெறுவார்கள். அறுபதில் ஓய்வூதியம் கேட்பார்கள். 1964-இல் நூறு சீனரில் 41 பேர் 15 வயதுக்குக் கீழே. 65-ஐத் தாண்டியவர் 4 பேர்கூட இல்லை. அடி பருத்த கோபுரம்! அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானபோது, அவர்கள் பெற்ற பிள்ளைகளோ சிலர். தாங்க வேண்டிய முதியவரும் அதிகமில்லை. உழைக்கும் கைகள் மலிந்திருந்த அந்த முப்பது ஆண்டிலேதான் உலகத்துக் கடைகளெல்லாம் சீனச் சரக்கால் நிறைந்தன. அந்தக் காலமும் போயிற்று. 2012-இல் உழைக்கும் வயதினர் தொகை 34 இலட்சத்துக்கு மேல் குறைந்தது. 2020 கணக்கிலே நூற்றுக்கு 18 பேர்தான் பிள்ளைகள். 65-ஐத் தாண்டியவர் 13-க்கும் மேல். பாட்டன் பாட்டியர் நால்வர், பெற்றோர் இருவர், அவர்களுக்கு நடுவே ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் தோளை எண்ணிப் பாருங்கள்.

2016-இல் இரண்டு பெறலாம் என்றார்கள். 2021-இல் மூன்று என்றார்கள். பெறத்தான் ஆளில்லை. வீட்டு வாடகை, பள்ளிச் செலவு, ஓயாத வேலை, இவற்றைக் கண்ட இளைஞர்கள் ஆணை கேட்டுப் பிள்ளை பெறத் தயாராக இல்லை. 2022-இல் நாட்டு மக்கள் தொகை 8 இலட்சத்து 50 ஆயிரம் குறைந்தது. பஞ்சத்துக்குப் பின் முதல் இறக்கம் அதுதான். 1957-இல் குறைத்துப் பெறுங்கள் என்று சொன்னவரை அடக்கினார்கள். இப்போது கூட்டிப் பெறுங்கள் என்று அரசே கெஞ்சுகிறது!

கடைசியில் தொழிலாளியிடமே வந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் சீனத்தில் ஓய்வு வயது படிப்படியாக ஏறத் தொடங்கியது. ஆண்களுக்கு 60 என்பது பதினைந்து ஆண்டுகளில் 63 ஆகும். ஆலையில் உழைக்கும் பெண்களுக்கு 50 என்பது 55 ஆகும். இந்தச் சட்டம் முதலில் தொட்ட ஆண், 1965 ஜனவரியில் பிறந்தவன். அவன் பிறந்த நாளில் மா யின்சூ அந்தச் சந்து வீட்டிலே, அச்சேறாத உழவு நூலை எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலாளிக்குக் கூடுதலாக ஒரு மாத வேலைதான். அவன் தம்பிமார்களுக்கு மூன்று ஆண்டு.